முதலில் சுட்டது யார்?

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்களுக்கு, அதை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் மீதே அப்படி என்ன கோபம்?

பதில்: முடிந்த படத்தைச் சும்மா விட மனிதருக்கு மனசு வரவில்லையே!

1977-ல் வந்த முதல் படத்தில், மதுக்கூடத்தில் தன்னை மடக்கிய கூலி வேட்டைக்காரன் கிரீடோவை மேஜைக்கடியிலிருந்து சுட்டுத் தள்ளுவான் ஹான் சோலோ. 1997 சிறப்புப் பதிப்பில் கிரீடோ முந்திக்கொள்கிறான். எதிரே உட்கார்ந்திருப்பவனைச் சுட்டும் குறி தப்புகிறது! போக்கிரி ஹானை நல்ல பிள்ளையாக்கும் ஏற்பாடு. 'ஹான்தான் முதலில் சுட்டான்' என்று டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள் ரசிகர்கள். 2004 டிவிடியில் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுட்டார்கள். (சமரசமாம்!) 2019-ல் டிஸ்னி பிளஸ்ஸில் பார்த்தால், சுடுவதற்கு முன் 'மக்லங்கி' என்கிறான் கிரீடோ. தன் நிறுவனத்தை 2012-ல் டிஸ்னிக்கு விற்கும் முன்பே லூகாஸ் செய்துவைத்த திருத்தமாம் அது.

இன்னொரு படத்தில் மௌனமாகத் தன் எஜமானான பேரரசரைத் தூக்கி எறிந்த வில்லன் டார்த் வேடரும் 2011 ப்ளூ-ரேயில் 'நோ...' என்று அலறினார்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசுவதை எதிர்த்து, 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் முழங்கியவரும் இதே லூகாஸ்தான். அடுத்தவர் கை வைத்தால்தான் குற்றம்போல! மாற்றாத பதிப்பைக் கேட்டு நச்சரித்தவர்களுக்கு 2006-ல் டிவிடி கிடைத்தது, 1993 லேசர்டிஸ்க்குக்காகத் தயாரித்த மங்கலான பிரதியிலிருந்து.