பனிமலைச் சாகசத்தில் வாடகைக் கோட்டின் இடம்: ஐதராபாத் தமிழரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

முதுகில் மூட்டையும் கையில் கைப்பேசியுமாக ஐதராபாத்திலிருந்து இமயத்துக்குப் போய், பறந்தும் மிதந்தும் குதித்தும் திரும்பும் தமிழரைப் பற்றி இதுகாறும் முறையான ஆய்வு எழவில்லை. காரணம் வெளிப்படை. தொல்காப்பியர் பனியை முன்பனி, பின்பனி என்று பொழுதில் வைத்தாரே தவிர நிலத்தில் வைக்கவில்லை. ஐந்திணைக்குள் பனியாறு வராததால் தமிழ்த்துறையினர் அங்கே போகப் பயணப்படி கிடைப்பதில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்கும். கட்டுரையாளர் இமயம் சென்றதில்லை; சென்றால் நடுநிலை கெட்டுவிடும்.

2. முன்னோர்

முதல் சான்று சேரன் செங்குட்டுவன். கண்ணகிக்குச் சிலை எடுக்கப் பொதியமலைக் கல்லே போதும், காவிரியிலேயே நீராட்டலாம் என்ற வழியும் இருந்ததாகச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் சொல்கிறது. மன்னர் ஒப்பவில்லை. தம் குடியின் வீரத்துக்கு இமயக் கல்லும் கங்கை நீரும்தான் தகும் என்றார். வீட்டருகே கல் இருக்க இமயத்துக்கு ஓடும் இவ்வியல்பை இனிச் ‘செங்குட்டுவக் கூறு’ என வழங்குவோம்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. அந்தக் கல்லை மன்னர் சுமக்கவில்லை. தோற்ற வடபுல மன்னர் கனகன், விசயன் தலைகளில் ஏற்றினார். மலையேற்றக் குழுக்களில் பணம் கட்டி மூட்டையைக் கோவேறு கழுதை மேல் ஏற்றிவிடும் ‘ஆஃப்லோடிங்’ முறைக்கு இதுவே முன்மாதிரி. கனக விசயர் தரப்பு ஆவணம் ஏதும் கிடைக்கவில்லை. கழுதைகள் தரப்பிலும் அவ்வாறே.

3. வகைப்பாடு

அ. பறப்போர்: சுமார் 2,400 மீட்டர் உயரமுள்ள பில்லிங்கில் பாராகிளைடருடன் ஓடத் தொடங்கிப் பீர் என்ற ஊரில் இறங்குவோர். ஓடச் சொன்னால் உட்கார்ந்துவிடுவோர் இவர்களின் உட்பிரிவு.

ஆ. மிதப்போர்: ரிஷிகேஷ் கங்கையில் ‘த்ரீ பிளைண்ட் மைஸ்’ என்ற நீர்ச்சுழிப்பில் நனைந்து, கரையேறியதும் மேகி தின்போர்.

இ. குதிப்போர்: அதே ஊரருகே காலில் கயிறு கட்டி 83 மீட்டர். பேட்டிக்குக் கிடைக்கவில்லை, எடை பார்க்கும் இடத்திலேயே திரும்பிவிட்டனர்.

ஈ. பனியாற்றில் நடப்போர்: கங்கோத்ரிப் பனியாறு சுமார் 30 கி.மீ. நீளம். நடந்துதான் போகவேண்டும் என்பதால் ஆய்வு எல்லைக்கு வெளியே.

உ. கோட்டுப் போடுவோர்: பெரும்பான்மையினர். இனி இவர்களே ஆய்வுப்பொருள்.

4. கோட்டு

மணாலியிலிருந்து 3,978 மீட்டர் உயர ரோத்தாங் கணவாய்க்குப் போகும் சாலையில் எண் எழுதிய கடைகள் வரிசையாக நிற்கும். பனிக்கோட்டும் ரப்பர் பூட்சும் வாடகைக்குக் கிடைக்கும்.

இக்கோட்டு பல கை மாறி வந்த ஒரு சுவடி என்பது எம் துணிபு. மூலநிறம் நீலமா, ஊதாவா என்பதிலேயே பாடபேதம் உண்டு. வலக்கை நுனியில் காணும் வெண்படலம் மூக்கிலிருந்து வந்த இடைச்செருகல். ஜிப் பாதியில் நின்றுவிடுவது ஏடு சிதைந்த இடம். அதற்கு மேல் உடுத்தியவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் ‘மாட்டு’ என்று சொல்லி, எங்கோ கிடப்பதை இழுத்து மாட்டியிருப்பார்.

பையை அகழ்ந்ததில் கிடைத்தவை: பாதி மிட்டாய், பாக்குப் பொட்டலம், ஐதராபாத்தின் உஸ்மானியா பிஸ்கட் துகள். மூன்றாவதைக் கொண்டு நிஜாம் ஆட்சி ரோத்தாங் வரை பரவியிருந்ததாக ஆய்வாளர் ஒருவர் நிறுவினார் (வாய்மொழி, ஷேர் ஆட்டோ, பின் இருக்கை). பானை ஓடு ஒன்று கிடைத்தால் பேரரசே எழுப்பும் மரபில் வந்தவர் அவர். துகளில் உப்பைவிட இனிப்பு மிகுதி, எனவே அது பழ பிஸ்கட்டே என அவர் மாணவர் மறுத்தார் (அச்சேறா ஆய்வேடு, நெறியாளர் கையொப்பமிட மறுத்தது). ஆசிரியரின் ‘மறுப்புக்கு மறுப்பு’ மாரேட்பள்ளி டிபன் கடையொன்றில் தம் பில்லின் பின்பக்கம் தொடங்கி, பக்கத்து மேசைக்காரர் பில்லில் தொடர்ந்து, மூன்றாம் பில் சாம்பாரில் விழுந்ததால் முற்றுப்பெறாமல் நிற்கிறது. அச்சாம்பாரில் வெல்லம் இருந்ததா என்பது குறித்து இரு தொகுதிகள் வந்துவிட்டன. மூன்றாவது, முதலிரண்டின் பிழைதிருத்தம். துகளை நாக்கில் வைத்துப் பார்க்கலாமே என்று கடைப்பையன் கேட்டதுண்டு. அது களஆய்வு, இருவரும் கோட்பாட்டாளர்கள்.

ஐதராபாத்திலேயே, டேங்க் பண்டுக்குக் கீழே உள்ள ஸ்னோ வேர்ல்டில், பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரிக் குளிரில் கோட்டும் தருகிறார்கள், பனியும் தருகிறார்கள். ஆயினும் மணாலிக் கோட்டே வேண்டும் என்பது செங்குட்டுவக் கூறின் முற்றிய நிலை.

5. கல்

ஐதராபாத்தின் கருங்கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையது. இந்தியத் தட்டு ஆசியாவை முட்டி இமயம் எழத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுதான் ஆகிறது. பாட்டனைத் தாண்டிப் பேரனைக் கும்பிடப் போகிறோம்.

நகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில் போங்கீர்க் கோட்டை ஒற்றைப் பாறைமேல் நிற்கிறது. அந்தப் பாறையில் ஏறிப் பழகிய சமூகநல விடுதிப் பள்ளி மாணவி மாலாவத் பூர்ணா, 13 வயதில், 2014 மே 25 அன்று, சக மலையேறி ஆனந்த் குமாருடன் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். ஊர்க் கல்லை மதித்து இமயம் போனவர்களும் உண்டு என்பதற்கு இது சான்று. இக்கட்டுரையின் கோட்பாட்டுக்கு இடையூறாக இருப்பதால் விதிவிலக்கு எனக் கொள்க.

பாறைகளைக் காக்கவென்றே 1996 முதல் இந்நகரில் ஒரு சங்கம் இயங்கிவருகிறது. அப்படியும் ஜூபிலி ஹில்ஸ் முதல் கச்சிபௌலி வரை எத்தனையோ பாறைகள் ஜல்லியாகி, மாடிவீடுகளாகி, அவற்றின் பால்கனியில் இமயப் படம் மாட்டப்பட்டுள்ளது.

6. மேலாய்வு

‘தக்காணப் பாறையின் தொன்மையும் பெருமையும்’ என்ற தலைப்பில் மூன்று நாள் கருத்தரங்குக்கு ஏற்பாடாகி வருகிறது. அரங்கு கட்ட இடமும் பார்த்தாயிற்று. நடுவே ஒரு பாறை நிற்கிறது. வெடிவைக்க ஒப்பந்தப்புள்ளி கோரியுள்ளார்கள். கட்டுரைச் சுருக்கங்களை அதற்குள் அனுப்பிவைக்கவும்.