எவ்வளவு காலி இருக்கு சார்?

வெளிவட்டச் சாலை பெங்களூரு நெடுஞ்சாலையை வெட்டும் நசரத்பேட்டைப் பக்கம் காலையில் போனால், கல்லூரிப் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளின் பைகளில் ஓஎஸ் லேப் ரெக்கார்டு நோட்டு இருக்கும். ஃபோர்க், எக்ஸெக், வெயிட், ஸ்டாட், ஓபன்டிர், ரீட்டிர் என்று அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டம் சிஸ்டம் கால்களை வரிசையாக எழுதச் சொன்னது. ஸ்டாட் ஒரு கோப்பின் ஜாதகத்தைச் சொல்லிவிடும். அந்தக் கோப்பு குடியிருக்கும் டிஸ்க்கில் இடம் எவ்வளவு மிச்சம் என்று சொல்கிற ஸ்டாட்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் அந்த வரிசையில் இடமில்லை. சிலபஸ் கமிட்டிக்கு நல்ல மனசு. அந்தக் குடும்பத்தின் கதையை வைவாவில் கேட்டால் பாதி வகுப்புக்கு அரியர்தான்.

கதை 1971-ல் தொடங்குகிறது. பெல் லேப்ஸில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்ற இரண்டு தாடிக்காரர்கள் யுனிக்ஸுக்கு முதல் கையேடு போட்டார்கள். டிஸ்க்கில் காலி இடத்தைச் சொல்லும் டிஎஃப் என்ற கட்டளை அதிலேயே இருந்தது. ஆக, இடம் போதாத கஷ்டம் யுனிக்ஸுக்குக் கூடவே பிறந்தது. அந்த டிஎஃப் கெர்னலிடம் மரியாதையாகக் கேட்கிற ஜாதி அல்ல. டிஸ்க்கையே நேராகத் திறக்கும், சூப்பர்பிளாக்கைப் படிக்கும், காலி பிளாக்குகளை ஒவ்வொன்றாக எண்ணும். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பில் அவை ஒரு சங்கிலி: 50 விலாசம் ஒரு கட்டு. அதில் ஒன்று அடுத்த கட்டுக்கு வழிகாட்டும். எண்ணிக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் கோப்பு எழுதினால் கணக்கு போச்சு. ஆனாலும் யாரும் சண்டைக்கு வரவில்லை. எல்லாருக்கும் ஒரே டிஸ்க், எல்லாரும் ஒரே கட்டிடம்.

பிறகு யுஸ்டாட் என்று ஒரு சிஸ்டம் கால் வந்தது. காலி பிளாக், காலி ஐநோடு, கூடவே டிஸ்க்கின் பெயருக்கு ஆறு எழுத்து. ஆங்கிலத்தில் எழுதினால் ஆவடிக்கு அதில் இடம் உண்டு. அம்பத்தூருக்குக் கிடையாது, நசரத்பேட்டை கனவிலும் நினைக்கக் கூடாது. லினக்ஸ் இதையும் மரியாதைக்குத் தத்தெடுத்தது, ஆனால் பெயர்ப் பெட்டியில் கடைசிவரை சுழியத்தைத் தவிர எதையும் போடவில்லை. 2018-ல் அதன் சி லைப்ரரியான ஜிலிப்ஸி யுஸ்டாட்டை வீட்டைவிட்டே அனுப்பிவிட்டது.

கெட்டது 1980-களின் நடுவில் நடந்தது. சன் நிறுவனம் என்எஃப்எஸ் கொண்டுவந்தது. டிஸ்க் பக்கத்து அறை மெஷினில் இருக்கும், ஆனால் நம்முடையது போல நடிக்கும். இனி டிஎஃப் எந்த டிஸ்க்கைத் திறந்து எதை எண்ணும்? வேறு வழியில்லாமல் கெர்னலிடம் கேட்க வேண்டியதாயிற்று. அப்படிப் பிறந்ததுதான் ஸ்டாட்எஃப்எஸ். பிறந்ததும் பங்காளிச் சண்டை. பெர்க்லி வீட்டில் அதற்கு இரண்டு ஆர்க்யுமென்ட். டெக் கம்பெனியின் ஓஎஸ்எஃப்/1-ல் மூன்று. ஏடி அண்ட் டி-யின் சிஸ்டம் ஃபைவ் மூன்றாம் வெளியீட்டில் நான்கு. அதே டெக்கின் அல்ட்ரிக்ஸ் இரண்டு போதும் என்று ஒத்துக்கொண்டது, ஆனால் உள்ளே வைக்கும் ஸ்ட்ரக்டையே மாற்றிவிட்டது. ஹெடர் ஃபைல் விஎஃப்எஸ்ஸா, மவுன்ட்டா, ஸ்டாட்எஃப்எஸ்ஸா என்பது தனிப் பஞ்சாயத்து. ஜிஎன்யூ டிஎஃப்பை கம்பைல் செய்தால் கான்ஃபிகர் ஸ்க்ரிப்ட் ஆள் கிடைக்கும்வரை இந்த வீடுகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டி, நீ எந்தப் பங்காளி என்று விசாரித்துவிட்டுத்தான் நகரும்.

கடைசியில் சமரசமாக வந்தது ஸ்டாட்விஎஃப்எஸ். சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீட்டில் தலைகாட்டி, 2001 பாசிக்ஸில் நிரந்தரக் குடியுரிமை வாங்கியது. சமரசம் என்றால் இருவருக்கும் பிடிக்காத ஒன்று உள்ளே இருக்க வேண்டுமே. இருக்கிறது: பிளாக்கின் அளவைச் சொல்ல இரண்டு எண்கள், எஃப்_பிசைஸ், எஃப்_எஃப்ஆர்சைஸ். கணக்கு இரண்டாவதில்தான் நடக்கும். பெரும்பாலோர் முதலாவதால் பெருக்குவார்கள். லினக்ஸ் ஈஎக்ஸ்டி4-ல் இரண்டும் பொதுவாக 4096 என்பதால் யாரும் மாட்டுவதில்லை. அதே புரோகிராமை சோலாரிஸ் யுஎஃப்எஸ்ஸில் ஓட்டினால் 8192-ம் 1024-ம் வந்து நிற்கும். டிஸ்க் எட்டு மடங்கு வீங்கிவிடும்.

காலி இடத்துக்கும் இரண்டு எண்கள், அது மட்டும் வீம்பில்லை. பெர்க்லியில் மெக்குசிக் செய்த கோப்பு முறை 1983-ல் 4.2 பிஎஸ்டியோடு வந்தது. டிஸ்க் முழுக்க நிறைந்தால் நல்ல இடம் தேடித் தேடி எழுதுவது மந்தமாகிவிடும் என்று அதில் 10 சதவீதத்தை ஒதுக்கிவைத்தார்கள். ஈஎக்ஸ்டி4 இன்றும் வழக்கமாக 5 சதவீதம் ஒதுக்குகிறது. பூந்தமல்லி பஸ்ஸில் கண்டக்டர் சீட் காலியாகத்தான் இருக்கும். எஃப்_பிஃப்ரீ அதையும் சேர்த்து எண்ணும், எஃப்_பிஅவெயில் நாம் உட்காரக்கூடியதை மட்டும் சொல்லும். ரூட் மட்டும் ஒதுக்கீட்டிலும் உட்காரலாம். அதனால் ஃப்ரீபிஎஸ்டியில் டிஸ்க் 100 சதவீதத்தைத் தாண்டியும் நிறையும், காலி இடம் மைனஸில் போகும்.

எஃப்_எஃப்எஸ்ஐடி என்று ஒரு பெட்டியும் இருக்கிறது. அதில் என்ன இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது; நான் சொல்லவில்லை, லினக்ஸ் கையேடே ஒத்துக்கொள்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சண்டை, நமக்கென்ன என்கிறீர்களா? நம்மூர் லேப்களில் ஆண்டுக்கணக்கில் ஆட்சி செய்த நீலத்திரை டர்போ சி-யிலும் இதே கேள்விக்கு கெட்டிஃப்ரீ என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. காலி கிளஸ்டர், கிளஸ்டருக்கு எத்தனை செக்டர், செக்டருக்கு எத்தனை பைட் என்று கொடுக்கும்; பெருக்க வேண்டியது பிள்ளைகள். அங்கே இன்ட் 16 பிட். கிட்டத்தட்ட 2 ஜிபி ஃபேட்16 டிஸ்க்கில் ஒரு கிளஸ்டர் 32,768 பைட். லாங் என்று மாற்றாமல் பெருக்கி, அன்சைன்டாக அச்சிட்டால், காலி கிளஸ்டர் இரட்டைப்படை என்றால் விடை 0, ஒற்றைப்படை என்றால் 32768. மூன்றாவது விடை கிடையவே கிடையாது. அவ்வளவு பெரிய டிஸ்க்கில் ஒரு புரோகிராம் ஒத்தையா ரெட்டையா விளையாடியது.

ஆகவே தம்பி தங்கைகளே, ஸ்டாட்விஎஃப்எஸ்ஸே எழுதுங்கள். திரும்பி வந்தது சுழியம்தானா என்று பாருங்கள். எஃப்_பிஅவெயிலை முதலில் 64 பிட்டாக மாற்றி, பிறகு எஃப்_எஃப்ஆர்சைஸால் பெருக்குங்கள். அப்படியும் இடமில்லை என்று வந்தால் லேப் அசிஸ்டென்ட் அண்ணனைப் பாருங்கள். அந்த 5 சதவீதத்தின் ரூட் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கிறது.