மோட்டுவளை உத்தியோகஸ்தர்

டொரான்டோ

அன்புள்ள அண்ணாவுக்கு,

பின்புறம் எடுக்கிற புது அறையின் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்து அனுப்பட்டுமா என்று அம்மா கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறாள். பஞ்சாங்கத்தை மூடி வைக்கச் சொல்லுங்கள். இந்த ஊரில் முகூர்த்தம் வைப்பவர் நகரசபைக் கட்டட இன்ஸ்பெக்டர். கூரைச் சட்டங்களை அவர் கண்ணாரக் கண்டு கையெழுத்திடும் வரையில் அவற்றைக் குளிர்தடுப்புப் பஞ்சாலோ பலகையாலோ மறைக்கலாகாது என்பது சட்டம். பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்திருந்ததற்காக அப்பாவிடம் நான் வாங்கிய பூசை தங்களுக்கு நினைவிருக்கும். அதே காரியத்துக்கு இங்கே சம்பளம் கொடுத்து ஓர் உத்தியோகஸ்தரை வைத்திருக்கிறார்கள்.

வந்தவர் பரம சாது. குளிர்காலத்தில் கூரைமேல் பனி குவியுமாதலால், சதுர மீட்டருக்குக் குறைந்தது 100 கிலோ பாரத்தையாவது அது தாங்கவேண்டும் என்பது இம்மாகாண விதி. குறுக்குச் சட்டங்களால் பிணைக்காத கைமரங்கள் அப்பாரத்தில் கால் அகட்டிச் சுவர்களை வெளியே தள்ளிவிடுமாகையால், உயரமான அறை வேண்டுமென்று அம்மாவின் நாட்டுப்பெண் ஆசைப்பட்ட குற்றத்துக்காக, மோட்டுவளையே உத்திரமாகித் தூண்கள்மேல் நின்று சுமக்கும்படி வரைபடம் போட்டிருந்தோம். அந்தப் பரீட்சையில் தேறினோம்.

விக்கினம் தகரத்தில் வந்தது. கைமரத்தின் தலையை உத்திரத்தோடு பிடித்து நிறுத்தும் ஹேங்கர் என்ற தகரப் பிடியில் வரிசையாகத் துளைகள் உண்டு. அவற்றில் விதித்த கனத்தில் ஆணி அறையவேண்டும். எங்கள் கான்ட்ராக்டரோ, சுவர் அட்டைக்குப் போடும் மெல்லிய கறுப்புத் திருகாணிகளைப் பாதித் துளைகளில் முடுக்கி, மீதியைக் காற்றோட்டத்துக்கு விட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ஏணியில் ஏறி, பல் வைத்தியர் வாயைச் சோதிப்பதுபோல் டார்ச் அடித்துத் துளை துளையாகப் பார்த்தார். நான் காப்பி கொடுத்தேன். குடித்துக்கொண்டே அடுத்த துளையைப் பார்த்தார். இவ்வகைத் திருகாணி பாரம் வந்தால் வளைந்து எச்சரிக்காமல் படக்கென்று முறியும் என்று உபதேசித்தார். ஒன்றிரண்டு துளை காலியாக இருந்தால் பாதகமா என்றேன். மறுபடியும் முதல் துளையிலிருந்து ஆரம்பித்தார்.

கான்ட்ராக்டர் அட்வான்ஸை எடுத்ததோடு சரி, ஃபோனை எடுப்பதில்லை. ஆகவே, நம் வீட்டில் ஒரு படம் மாட்டுவதற்குக்கூட ஆசாரியைக் கூப்பிட்டனுப்பிய வம்சத்தில் வந்த நான், கையுறையோடு ஏணியேறித் திருகாணிகளைக் கழற்றி ஆணிகளை அறைந்தேன். அறைந்தவற்றில் சில என் கட்டைவிரலையும் விசாரித்துவிட்டே உள்ளே போயின. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே துளையும் கழுந்தும் இழைத்து, தகரமே இல்லாமல் கூரையை நிறுத்திய அந்த ஆசாரி கீழே நின்று ஓர் அதட்டல் போட்டிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

இரண்டாம் முறை வந்தவர் கையெழுத்திட்டு, என் தோளையும் தட்டிக்கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் தம் கூரையையும் ஒருமுறை பார்க்கச் சொல்கிறார் என்பதைப் பெருமைக்காக எழுதவில்லை; மன்னியிடம் மட்டும் சொல்லவும். இப்பக்கம் வருகிறவர்கள் யாரிடமாவது கற்பூராதித் தைலம் ஒரு சீசா கொடுத்தனுப்புங்கள். பெரிய சீசாவாகவே இருக்கட்டும். பஞ்சு அடைத்தபின் அதைப் பார்க்க இன்ஸ்பெக்டர் தனியாக ஒருமுறை வருவாராம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தம்பி