கடுகும் கடின நீரும்: நல்லேப்பிள்ளி டிஷ்வாஷர் குறித்து ஒரு முன்னாய்வு

டிஷ்வாஷருக்கு 1886-இல் காப்புரிமை பெற்று, 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அதை ஓட்டிக் காட்டியவர் ஜோசபின் காக்ரேன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. அவர் வீட்டில் கடுகு தாளித்ததாகக் குறிப்பு எதுவும் இல்லை. நம் ஆய்வுச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

எச்சில் தட்டோடு எந்திரத்துக்குள் புகும் பொருள்களுள் கறிவேப்பிலை, புளிச்சக்கை, முருங்கைத்தோல் ஆகியவை சாதுக்கள்; அடியிலுள்ள வடிகட்டியில் அடங்கிவிடும். கடுகு அப்படியன்று. வடிகட்டியைச் சரியாகத் திருகிப் பூட்டாத இரவு பார்த்து உள்ளே நழுவி, தண்ணீர் பீய்ச்சும் கையின் துளையில் போய்க் குடியேறும். கையைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் கிலுகிலுப்பை ஓசை கேட்கும். அகழாய்வுக் கருவி: ஓர் ஊக்கு.

அடுத்தது நீரியல். 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, நல்லேப்பிள்ளி இருக்கும் கேரளத்துப் பாலக்காடு மாவட்டச் சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வரவேண்டும். அதெல்லாம் வயலுக்கு. ஆய்வுக்குட்பட்ட வீட்டு எந்திரம் குடிப்பது கடினமான போர்வெல் தண்ணீர். அதே மாவட்டத்து வாளையாறில் மலபார் சிமென்ட்ஸ் ஆலை எழுந்ததே அந்தப் பக்கத்து மலையில் சுண்ணாம்புக்கல் கிடைத்ததால்தான். அந்தக் கல்லின் உறவுக்காரர்கள் இங்கே கண்ணாடி டம்ளரில் வெள்ளைப் படலமாகக் காட்சி தருகிறார்கள். படலத்தின் மேல் வினிகரைத் தடவிப் பார்க்க வேண்டும். போய்விட்டால் சுண்ணாம்பு. போகவில்லையென்றால் கண்ணாடியே அரித்துவிட்டது, டம்ளருக்கு விடை கொடுக்கலாம்.

சுண்ணாம்புக்கு எதிரி உப்பு. எந்திரத்துக்குள் இருக்கும் பிசின் மணிகள் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியே விடுகின்றன. பிடித்துப் பிடித்து நிரம்பிய மணிகளை உப்புக்கரைசல் அலசிப் புதுப்பிக்கிறது. டிஷ்வாஷருக்கென்று விற்கும் உப்பு விலை அதிகம் என்று சமையல் கல்லுப்பை அள்ளிப் போடுவோர் உண்டு. கல்லுப்பில் மக்னீசியமும் ஒட்டிக்கொண்டே வரும். திருடனைப் பிடிக்கப் போகும் போலீஸ் ஜீப்பில் இன்னொரு திருடனை ஏற்றி அனுப்புவதற்குச் சமம். பொடியுப்போ கட்டியாகி அடைத்துக்கொள்ளும். உப்பு போடும்போது வெளியே சிந்தினால் உடனே எந்திரத்தை ஓட்டிவிட வேண்டும், இல்லையேல் துரு.

இனிக் கொள்கைப் பூசல். முற்கழுவல் மரபினர் தட்டைக் குழாயடியில் நன்றாகக் கழுவிய பிறகே உள்ளே வைப்பார்கள். நேரடி மரபினருக்கு மிச்சத்தை வழித்தெடுத்தால் போதும். நூல்நெறி இரண்டாமவர் பக்கம். ஆனால் நூல்நெறி பேசும் அந்த வீட்டு மருமகளே பழக்கத்தில் முதல் மரபைச் சேர்ந்தவர்.

“ஏன் அம்மிணி, கழுவுன தட்டத்தையா மறுபடி மிஷின்ல போடறே?”

“இல்லீங்கத்தை, சும்மா ஒரு அலசு.”

வடிகட்டியைக் கழுவுவது யார் என்று கேட்டால் இரு மரபினரும் வாயைத் திறப்பதில்லை. அதையும் எந்திரத்துக்குள்ளேயே போட்டுக் கழுவிவிடலாம் என்று வீட்டு ஆண்கள் மூன்றாவதாக ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். வடிகட்டி இல்லாமல் எந்திரத்தை ஓட்டக்கூடாது என்ற காரணத்தால் அது அன்றே தள்ளுபடி ஆனது.