எக்ஸ்போர்ட் அண்ணன்

கம்மாபுரத்தில் மாடியறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் அண்ணன் ஒருவர் உண்டு. எழுதுவது கொஞ்சம்; பிறர் எழுதியதில் குற்றம் பிடிப்பதுதான் முழுநேர வேலை. பெண் பார்க்க வந்த தரகரிடம் அம்மா, "பையன் எந்நேரமும் எக்ஸ்போர்ட்டுதான்" என்று பெருமைப்பட, "கப்பா, பொம்மையா?" என்று கேட்டாராம் அவர். பக்கத்தில் பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் இருந்தால் வேறென்ன கேட்பார்!

நிரல் ஓடுகிறதா என்று அண்ணன் கேட்டதில்லை. கோப்பிலிருந்து வெளியே போகிற, அதாவது எக்ஸ்போர்ட் ஆகிற ஃபங்ஷன்கள் எல்லாம் அடியில், ஒரே அடைப்புக்குள், வரிசையாக நிற்கவேண்டும். ஒன்று நடுவில் தலைகாட்டினாலும் அப்ரூவல் கிடையாது.

அவராகப் போட்ட சட்டமில்லை. 2013-இல் நிக்கோலஸ் சக்காஸ் தொடங்கிய, நிரலில் குறை பிடிக்கும் கருவியான ஈஎஸ்லின்ட்டுக்கு இம்போர்ட் என்றொரு பிளகின் உண்டு. அதில் 'குரூப்-எக்ஸ்போர்ட்ஸ்' ஒன்றாகக் கட்டச் சொல்லும். 'எக்ஸ்போர்ட்ஸ்-லாஸ்ட்' கடைசிக்குத் தள்ளச் சொல்லும். அண்ணன் இரண்டையும் 'எரர்' என்று வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். தானாகத் திருத்தித் தரும் வசதி இவற்றுக்குக் கிடையாது. பழைய கோப்புகளைத் திறந்து கையால் மாற்றுவது ஜூனியர்களின் தலையெழுத்து. அதே பிளகினில், டிஃபால்ட் எக்ஸ்போர்ட் வேண்டும் என்றொரு விதியும் கூடவே கூடாது என்றொரு விதியும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் செய்கின்றன. அதை மட்டும் அண்ணனிடம் கேட்டுவிடாதீர்கள், பொழுது சாய்ந்துவிடும்.

மாமாவின் பீங்கான் பொம்மைப் பட்டறையையும் அவர் விடவில்லை.

"மாமா, வெளிய போற சரக்கெல்லாம் கேட் பக்கத்துல ஒண்ணா அடுக்குங்க. பார்த்ததும் தெரியணும்."

"சூளையிலேர்ந்து எடுத்த இடத்துலயே சீட்டு ஒட்டிடுறோம் மாப்ளே. எது போகுது, எது போகலைன்னு அங்கயே தெரியும். தூக்கிக்கிட்டு அலைஞ்சா பிள்ளையாருக்குத் தும்பிக்கை மிஞ்சாது."

ஃபங்ஷனின் தலையிலேயே எக்ஸ்போர்ட் என்று எழுதுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நான் மாமா கட்சி. கோப்பு நீளமாக இருந்தால் மட்டும் அண்ணன் பக்கம் கொஞ்சம் சாய்வேன். அடியைப் பார்த்தாலே அது எதைத் தருகிறது என்று தெரிந்துவிடுகிறதே.

ஒருநாள் ஜூனியர் பெண் ஒருத்தி, பலரும் பின்பற்றும் ஏர்பிஎன்பி விதித்தொகுப்பில் அண்ணனின் அந்த இரண்டு விதிகளும் அணைத்தே வைக்கப்பட்டிருப்பதை எடுத்துக் காட்டினாள்.

"ஏர்பிஎன்பி வீட்டை வாடகைக்கு விடுற கம்பெனிம்மா. வர்றவன் சாமானை எங்க வேணா வெப்பான். நம்ம வீட்ல அப்படி முடியுமா?" என்ற அண்ணன், அவளுடைய புல் ரிக்வெஸ்ட்டில் இன்னொரு குறையையும் சேர்த்து எழுதினார்.