தாண்டலியல்: நெடுநாவல் படிப்போர் பக்கம் தள்ளும் முறைமை பற்றிய ஓர் ஆராய்ச்சி

நெடுநாவல் படிக்க உட்கார்ந்தவர் நடுநடுவே பக்கங்களைத் தள்ளிவிட்டு ஓடுவது உலக வழக்கு. வழக்கு இருந்தும் இலக்கணம் இல்லாதது பெருங்குறை. அக்குறை தீர எழுந்தது இச்சிற்றாராய்ச்சி. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நூல், விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட 'லே மிசெராப்ள்'. சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தது. 1950இல் அதே பெயரில் படமாகி, போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர்' என்ற பட்டத்தை நிரந்தரமாக வாங்கிக் கொடுத்தது. மூலம் ஐந்து பாகம், 365 அத்தியாயம். வேறு நூல் கிடைக்கவில்லையோ எனின், அற்றன்று. தாண்டுவோருக்கு இவ்வளவு வாய்ப்பு அளித்த வள்ளல் வேறொருவர் இலர்.

நூற்பா வருமாறு:

கதையே தேடிக் கட்டுரை தாண்டலும்
தாண்டிய இடத்துத் தடுமாறி மீடலும்
நெடுநூல் படிப்போர்க் கியல்பென மொழிப.

'கதையே தேடி' என்றதனால், கதாநாயகன் எங்கே என்ற ஏக்கம் பெறப்படும். ழான் வல்ழான் தலைகாட்டுவதற்கு முன்பே 14 அத்தியாயம் ஒரு பிஷப்புக்குப் போய்விடுகிறது. அதில் அவர் வீட்டு வரவு செலவு அச்சாகியிருக்கிறது: 15,000 லிவர் சம்பளம், அதில் தமக்கு 1,000, மீதி எந்தெந்தத் தருமத்துக்கு எவ்வளவு என்ற பட்டியல். அலுவலகத்தில் பகலெல்லாம் எக்செல் பார்த்துவிட்டு வந்தவர் இரவில் இதையும் பார்க்க நேர்ந்தால் கட்டைவிரலில் ஒரு தினவு தோன்றும். கிண்டிலின் அடியில் 2% என்று நிற்பதைக் கண்டதும் அது முற்றும்.

தாண்டல் இருவகைப்படும். விரல் தள்ளுவது மெய்த்தாண்டல். விரல் ஒழுங்காகப் பக்கம் புரட்ட, கண் வரிமேல் ஓட, மனம் மட்டும் அடுப்பில் வைத்த பால் என்னாயிற்று என்று போய்விடுவது பொய்த்தாண்டல். பின்னதைச் செய்தவர் 'முழுசாப் படிச்சேன்' என்று சபையில் சொல்லிக்கொள்ளலாம்; யாரும் மறுக்க முடியாது. பெரிய நாவல்களின் புகழில் பாதி இவர்களால் நிற்கிறது என்பது என் துணிபு.

இனி வாட்டர்லூ. இரண்டாம் பாகத்தை ஆவலோடு திறந்தால், கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு ஹியூகோ 1815 ஜூன் 18ஆம் தேதிப் போருக்குப் போய்விடுகிறார். பத்தொன்பது அத்தியாயம்! முதல் பதினெட்டில் நெப்போலியன் இருக்கிறான், மழை இருக்கிறது, குதிரைப்படை கவிழ்ந்த பள்ளச் சாலை இருக்கிறது. நம் ஆள் இல்லை. தாண்டுவோர் மொத்தமாகத் தாண்டுமிடம் இதுவே. ஆனால் கடைசி அத்தியாயத்தில், இரவில், பிணக்குவியலுக்கிடையே ஒருவன் தவழ்கிறான். குற்றுயிராய்க் கிடந்த அதிகாரியின் மோதிரம், பதக்கம், கடிகாரம், பணப்பை எல்லாவற்றையும் உருவுகிறான். கண் விழித்த அதிகாரியோ தன்னைக் காப்பாற்றியவன் இவன் என்று நம்பிப் பெயர் கேட்கிறார். பெயர் தெனார்தியே. அதிகாரி, கதையில் பின்னால் வரும் இளைஞன் மாரியுஸின் அப்பா.

இந்தத் தெனார்தியேதான் மோன்ஃபெர்மெயில் சத்திர வாசலுக்கு மேல் தானே கிறுக்கலாய்த் தீட்டிய பலகை ஒன்றை அறைந்து வைத்திருப்பவன். ஜெனரல் ஒருவரை முதுகில் சுமந்து போகும் வீரன், சுற்றிலும் புகை, ஆங்காங்கே இரத்தத்துக்குச் சிவப்புத் திட்டுகள். பின்னொரு நாள் மாரியுஸ் சுவரோட்டை வழியே பார்த்துக்கொண்டு, சுட வேண்டிய துப்பாக்கியைச் சுடாமல் விதிர்விதிர்த்து நிற்கிறான்; உள்ளே இருக்கும் கொள்ளைக்காரன் அப்பாவின் உயிரைக் காத்தவன் என்று அவனுக்கு நினைப்பு. வாட்டர்லூவைத் தாண்டியவருக்கும் அதே நினைப்புத்தான். பலகையை நம்பிய வாசகர்! போரைத் தாண்டுவோம் என்று தெரிந்தே அதன் வாலில் இதை முடிந்துவைத்திருக்கிறார் மனிதர். நூற்பாவில் 'தடுமாறி மீடல்' என்றது இதுபற்றியே.

அஃதேல் எதையுமே தாண்டலாகாதோ எனின், ஆகும். ஆங்கிலத்தில் பெயர்த்த நார்மன் டென்னி, கன்னிமடங்களைப் பற்றிய பகுதியையும் திருடர் பேச்சு வழக்கைப் பற்றிய பகுதியையும் பெயர்த்தெடுத்துப் பின்னிணைப்பில் வைத்துவிட்டார். மொழிபெயர்ப்பாளரே தாண்டிய இடத்தில் வாசகர் தாண்டுவது குற்றமாகாது. மடத்து விஷயத்தில் நான் டென்னி கட்சி. ஆனால் அதை அடுத்து வருவது ழான் வல்ழான் உயிரோடு சவப்பெட்டிக்குள் போகும் பகுதி. ஓடுகிற வேகத்தில் அதையும் தாண்டிவிட்டால் நஷ்டம் நம்முடையது.

சாக்கடைப் பகுதி பற்றி ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குண்டடிபட்ட மாரியுஸை முதுகில் தூக்கிக்கொண்டு வல்ழான் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய அந்த நொடியில், பாரிஸ் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி பிராங்கைத் தண்ணீரில் விடுகிறது என்று ஹியூகோ எருக்கணக்குப் போட ஆரம்பிக்கிறார். கோபம் வரத்தான் செய்யும். ஆயினும் பொறுத்துப் படித்தவருக்கு, 1805 முதல் ஏழாண்டுகள் அந்தச் சாக்கடைகளை அளந்த புருன்சோவோடு இருட்டில் நடக்கும் யோகம் வாய்க்கும். அங்கே கிடைத்த பொருள்களில் ஓர் ஒராங்குட்டானின் எலும்புக்கூடும் ஒன்று. 1800இல் பாரிஸ் தாவரப் பூங்காவிலிருந்து காணாமல் போன குரங்கு. கணக்குப் புத்தகத்துக்கும் கன்னிமடத்துக்கும் பக்கம் பக்கமாக இறைத்த மகான், இந்தக் குரங்கின் சரித்திரத்தை மட்டும் ஓரிரு வாக்கியத்தில் முடித்துக்கொள்கிறார். அதற்கு ஒரு பாகமே ஒதுக்கியிருந்தாலும் ஒருவரும் தாண்டியிருக்க மாட்டார்.