பூட்டிழுப்பியல்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

வீட்டைப் பூட்டியபின் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் வழக்கம் இதுவரை அறிஞர்களால் அலட்சியப்படுத்தப்பட்டே வந்திருக்கிறது. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரையறை. பூட்டு பூட்டியிருக்கிறது என்பது உண்மை. அது பூட்டுக்குச் சொந்தம். பூட்டிவிட்டேன் என்று நினைப்பது நம்பிக்கை; அது மண்டைக்குச் சொந்தம். உறுதி இவ்விரண்டிலும் இல்லை. இழுக்கும்போது 'டக்'கென்று தடுத்து நிற்கிறதே, அந்த இடத்தில், உள்ளங்கையில் இருக்கிறது. எங்கள் வீட்டு அளவில் அது தெருமுனை வரை தாங்கும்.

தாத்தா ஒரே ஒரு முறைதான் இழுப்பார். அவருடையது திண்டுக்கல் பூட்டு. அதற்கு 2019இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. தாத்தா அந்த மரியாதையை எப்போதோ கொடுத்துவிட்டிருந்தார். அப்பா மூன்று முறை. நான் அமுக்குப் பூட்டுக்காரன்; ஐந்து முறை.

இனி ஐயம். இது பூட்டின் அருகே பிறப்பதே இல்லை. 2023 டிசம்பர் வரை கோயம்பேடு பேருந்து நிலையத்தில் பிறந்துகொண்டிருந்தது. தென்மாவட்டப் பேருந்துகளோடு சேர்ந்து கிளாம்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. திரும்பிப் போய்ப் பார்க்க முடியாத தூரம் வந்த பிறகே வாய் திறப்பது அதன் இயல்பு.

மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி, அறிவு பெறும் வழிகள் பத்தையும் போலி வழிகள் எட்டையும் அடுக்குகிறான். அந்தப் போலி எட்டில் மூன்று எங்கள் வாசலுக்கே உரியவை. ஐயம்: பூட்டினோமா இல்லையா. தேராது தெளிதல்: ஆராயாமலே 'அதெல்லாம் பூட்டியாச்சு, வா' என்பது. மூன்றாவது உணர்ந்ததை உணர்தல். இரண்டாம் இழுப்பிலிருந்து ஐந்தாம் இழுப்பு வரை நான் செய்வது இதைத்தான். மணிமேகலையை எழுதிய சாத்தனார் வீட்டில் என்ன பூட்டு என்று தெரிந்தால் இந்த ஆய்வு மேலும் சிறக்கும்.

ஐந்து முறை இழுத்தவனுக்கு ஐந்து மடங்கு உறுதி கிடைக்க வேண்டாமா? கிடைக்காது. நெதர்லாந்தின் வான் டென் ஹவுட், கிண்ட் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணினித் திரையில் கேஸ் அடுப்பைக் காட்டி, மூடியிருக்கிறதா என்று ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள். கடைசியாக எதைச் சரிபார்த்தோம் என்ற நினைவு அவர்களுக்குப் பிசகவில்லை. அந்த நினைவின்மேல் இருந்த நம்பிக்கைதான் தேய்ந்து போயிருந்தது. உண்மை அப்படியே இருக்க, உறுதி மட்டும் கரைகிறது. இழுக்க இழுக்கக் கடன்தான் ஏறுகிறது.

போன மாதம் கிளாம்பாக்கத்தில் வழக்கம்போல் ஐயம் ஏறி உட்கார்ந்தது. நான் கலங்கவில்லை. பூட்டை அமுக்கிய என் கட்டைவிரல் மனக்கண்ணில் தெளிவாகத் தெரிந்தது.

"நீங்க எங்க பூட்டினீங்க?" என்றாள் மனைவி. "ஆட்டோ பிடிக்க ஓடிட்டீங்க. நான்தான் பூட்டினேன்."

கட்டைவிரல் முந்தின நாளுடையது. என் நம்பிக்கை உண்மைதான். வீடு பூட்டித்தான் இருந்தது. காரணமும் வைத்திருந்தேன். ஆனாலும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. 1963இல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கர் மூன்றே பக்கத்தில் இந்தச் சிக்கலை எழுதிவைத்து, மெய்யியல்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தார். ஆட்டோ பிடிக்க ஓடியவர்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

"சரி, இழுத்துப் பார்த்தியா?" என்றேன்.

பதில் இல்லை. செங்கல்பட்டு வந்தது.

எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் போட்டோம். சான்றோர் வாக்கும் ஓர் அளவைதானே. அக்கா செருப்பு மாட்டும் ஓசை, கேட் ஓசை, பிறகு என் பூட்டு ஆடும் ஓசை எல்லாம் போனில் கேட்டன.

"நல்லா இழுத்துப் பார்த்துட்டேன் தம்பி, பூட்டித்தான் இருக்கு. நிம்மதியாப் போயிட்டு வாங்க."

மதுராந்தகம் தாண்டியதும் அக்காவே கூப்பிட்டார்.

"தம்பி, நான் இப்ப மார்க்கெட்ல நிக்கிறேன். உங்க வீட்டைப் பார்த்துட்டு அப்படியே வந்துட்டேனா, என் வீட்டைப் பூட்டினேனான்னு ஞாபகமே இல்ல. போன்ல ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"